பதினேழு நிமிடப் பதிவு

குழாய்க்காரர் யாரையும் நம்புகிறவர் அல்ல. கடையில் நூறு வாஷர் வாங்கினால் கடைக்காரன் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி எண்ணுவார். தொண்ணூற்றெட்டு இருந்தால் முறைப்பார். நூற்றிரண்டு இருந்தால் இன்னும் அதிகமாக முறைப்பார், எதற்கு இரண்டு கூடப் போட்டான் என்று. ஜாயின்ட் போட்ட இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, காய்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்த பிறகுதான் ஏணியை விட்டு இறங்குவார்.

“உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்” என்பாள் மனைவி.

“நிழல் எப்பவும் பின்னாலயே வருது. எதுக்கு வருது?” என்பார் அவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். வயது முப்பதைத் தொட்டுவிட்டாலும் வீட்டில் அவள் பாப்பாதான். இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தகரத்தை உள்ளே வைத்தால் மேலிருந்து இரும்புக் கட்டை இறங்கி அழுத்தும். கையை எடுத்தால் மூடி விழும். கை உள்ளே இருக்கும்போது கட்டை இறங்காமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை தடுப்பு இல்லை. வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டை விரல் பாதி ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு அறுவை சிகிச்சை செய்தால் அதையாவது காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி தொழிற்சாலையின் ஆஸ்பத்திரி. தொழிற்சாலை சொன்னது: வேலை சீக்கிரம் ஓட வேண்டும் என்று தடுப்பைக் கழற்றியதே அந்தப் பெண்தான், கழற்றிய ஸ்பேனர் அவளுடைய மேலங்கிப் பையிலேயே இருந்தது. விசாரணை வைத்து, தப்பு அவள் மேல்தான் என்று முடிந்தால் அன்றோடு வேலையும் இல்லை, சிகிச்சையும் இல்லை. வெளியே போய்ச் செய்துகொள்ளலாம் என்றால் அதற்குள் விரல் கறுத்துவிடும். விசாரணை அடுத்த வியாழக்கிழமை, அதுவரை வீட்டார் வந்தாலும் உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

“நீ கழட்டினியா?” என்று அவர் போனில் கேட்டார். பெற்ற மகளிடமும் முதலில் அதைத்தான் கேட்டார்.

“தெரியலப்பா” என்றாள் பாப்பா. “காலைல மணி அடிச்சது ஞாபகம் இருக்கு. டீ குடிச்சது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி லைட்டுதான். தினமும் ரெண்டு பேர் வந்து உக்காந்துக்கிறாங்க. ‘ஸ்பேனர் உன் பையிலதானே இருந்துச்சு, நீதானே கழட்டினே’ன்னு கேக்கறாங்க. கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே… நான்தான் கழட்டியிருப்பேனோப்பா?”

வெட்டுப்பட்ட கையைவிட அந்தக் கேள்விதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். பாப்பாவுக்குப் பக்கத்து மிஷினில் வேலை செய்பவள், விடுதியிலும் பக்கத்துக் கட்டில். பாப்பா அவளை அக்கா என்று கூப்பிடுவாள். ஆஸ்பத்திரிக்கு அவள் வரும்போதெல்லாம் விடுதி வார்டனும் ஒட்டிக்கொண்டு வருவாள். கட்டில் அருகே வாயைத் திறக்க வழியில்லை. ஆனாலும் எப்படியோ தொழிற்சங்கத்து வக்கீலம்மாவுக்குச் சேதி அனுப்பியிருந்தாள்: பெண்ணின் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ காலில்.

வக்கீலம்மா குழாய்க்காரரிடம் போனில் விளக்கினாள்.

“ஐயா, எழுதி வாங்கினா கையெழுத்து அவளோடது இல்லன்னு சொல்லிடுவாங்க. அவ முகம், அவ வாய், அவ குரல் மூணும் சேர்ந்து இருக்கணும். அவ போன்ல வச்சுக்க முடியாது, வார்டன் தினமும் போனைத் திறந்து பார்க்கறா. நீங்க கம்ப்யூட்டர்ல காலை எடுங்க. திரையில ஓடறதை அப்படியே வீடியோவா பிடிச்சுடலாம். அதை என்கிட்ட கொண்டு வந்து கொடுத்துட்டீங்கன்னா மீதிய நான் பாத்துக்கறேன்.”

“நீங்க அங்கயே இருக்கீங்களே, நீங்களே பிடிச்சுக்க வேண்டியதுதானே?”

“நானும் உங்க ஊர்தான், பஸ் ஸ்டாண்டு பக்கம். அதுவும் போக, வக்கீல்னா அவ பேசமாட்டாளாம். அப்பான்னாதான் பேசுவாளாம்.”

அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எதிர்வீட்டில் இருந்தது. அங்கே இருந்த பெண் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தபடியே டைப் அடித்துக் கொடுப்பவள். நாலு மாடிக் கட்டடத்தில் எந்த வீட்டில் பால் பொங்கியது, எந்த வீட்டில் புருஷன் கோபித்துக்கொண்டு போனான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் குழாய்க்காரர் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. அவளிடம் போய் நிற்பதற்குப் பதில் அடைத்த சாக்கடையில் தலையை விடலாம் என்று அவருக்கு இருந்தது. மனைவிதான் போய்க் கேட்டாள். ரேடியோ மறுபேச்சில்லாமல் தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, இந்தச் சிவப்பு வட்டம் தெரியுதா? பேச்சு ஆரம்பிச்சதும் இதைத் தட்டுங்க. திரையில என்னென்ன ஓடுதோ எல்லாம் வீடியோவாயிடும். முடிஞ்சதும் இந்தச் சதுரம். அவ்வளவுதான்.”

“நம்ம வீட்டை எடுக்காதே?”

“உங்க வீட்டை எதுக்குண்ணே எடுக்கணும்? திரையை மட்டுந்தான்.”

“அப்ப இந்த ஓட்டை?”

“அது கேமரா.”

“அதான், எடுக்கும்.”

அவள் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவர் கைக்காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றைக் கிழித்து அந்த ஓட்டையின் மேல் ஒட்டிவிட்டார். ரேடியோ சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை வேணா நானும் வந்து கூட உக்காரட்டுமா?”

“வேணாம்.”

“சரி. ஒண்ணே ஒண்ணு. சத்தத்தை நல்லா கூட்டி வெளியவே விடுங்க. இயர்போன் மாட்டிடாதீங்க. ஏன்னா, இந்த மிஷின்ல…”

“சரி சரி. தெரியும்” என்று கதவைச் சாத்தினார்.

சாத்திவிட்டு மனைவியிடம் திரும்பினார். “கேட்டியா? சத்தத்தை வெளிய விடணுமாம். எதுக்கு? அவ சமையக்கட்டுல நின்னுக்கிட்டு கேக்கறதுக்கு.”

“அவ வீட்டுக் கதவு அந்தாண்ட இருக்கு. எப்படிக் கேக்கும்?”

“சுவருக்குக் காது இருக்கோ இல்லையோ, குழாய்க்கு இருக்குடி. இந்தக் கட்டடத்துல முப்பது வருஷமா குழாய் மாத்தறவன் சொல்றேன்.”

அது பொய்யில்லை. அந்த வீட்டுக் குளியலறைக்கும் எதிர்வீட்டுக் குளியலறைக்கும் நடுவே குழாய்கள் இறங்கும் கிணறு போன்ற ஒரு சந்து உண்டு. அதற்குள் நின்று வேலை செய்யும்போது நாலு மாடியின் சண்டைகளும் சமாதானங்களும் அவர் தலையில் வந்து விழும். அவருக்குத் தெரிந்த ரகசியங்களில் பாதி அப்படி வந்து விழுந்தவைதான். பாப்பாவின் விஷயம் யார் தலையிலும் விழக்கூடாது. சாட்சி சொல்கிறவளின் பெயர் நாலு வாய் மாறினால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை சாயங்காலமே சோதனை போட்டுப் பார்த்தார். சிவப்பு வட்டத்தைத் தட்டிவிட்டு, திரைக்கு எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு. முக்கால் இஞ்சு எல்போ. அரை இஞ்சு டீ” என்று குழாய் இணைப்புகளின் பெயரைச் சொன்னார். சதுரத்தைத் தட்டினார். ஓட்டிப் பார்த்தார். முக்கால் இஞ்சு எல்போ கணீரென்று வந்தது.

“பரவால்ல. ஒழுகல” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கால் வந்தபோது இருவரும் ஒரு இயர்போனின் இரண்டு முனைகளை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு, தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. அவர் சிவப்பு வட்டத்தைத் தட்டினார்.

திரையில் ஆஸ்பத்திரி மாடிப்படி. அதில் ஒல்லியான ஒரு பெண். பாப்பாவின் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“ஹலோ. கேக்குதா? கேக்குதா?” என்றார் அவர்.

“கேக்குது. உங்க முகம் தெரியலையே. கறுப்பா இருக்கு.”

“அது அப்படித்தான். நீ சொல்லும்மா.”

“இல்லப்பா. முகம் தெரியாம நான் சொல்லமாட்டேன். யார்கிட்ட பேசறேன்னு எனக்குத் தெரியணும்.”

அவளும் தன்னைப் போலத்தான் என்று அவருக்குப் பட்டது. நகத்தால் பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்தார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பாப்பாவுக்கு உங்க மூக்கு” என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

பாப்பா தூங்குகிறாள், கட்டு மாற்றிவிட்டு ஊசி போட்டிருக்கிறார்கள். வீட்டோடு பேச வேண்டும் என்று வார்டனிடம் பொய் சொல்லி, பாப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அவசர ஆர்டர். ஒவ்வொரு மூடிக்கும் தடுப்பு ஏறி இறங்குவதால் தாமதம் ஆகிறது என்று மேஸ்திரி கத்தினான். பாப்பா தேநீருக்குப் போயிருந்தபோது அவனே ஸ்பேனரோடு வந்து நான்கு போல்ட்டையும் கழற்றினான். தடுப்பைக் கொண்டுபோய்ப் பெயின்ட் டிரம்களுக்குப் பின்னால் சாத்தினான். திரும்பி வந்த பாப்பா, தடுப்பு எங்கே என்று கேட்டாள். அது இல்லாமலே அடி, முடியாவிட்டால் வீட்டுக்குப் போ என்றான். அரை மணி நேரம் அடித்தாள். அப்புறம் அந்த அலறல். எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் சிதறிய மூடிகளுக்கு நடுவே குந்தியபடியே உறைந்துபோயிருந்தேன். அப்போது பார்த்தேன். மயங்கிக் கிடந்தவளின் மேலங்கிப் பையில் அவன் ஸ்பேனரைச் செருகினான்.

குழாய்க்காரர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தார். ‘மெதுவாச் சொல்லு’ என்றார். ஓர் இடத்தில் ‘அடப்பாவி’ என்று வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைப் பக்கம் பார்த்தார். அவள் சொன்ன எதையும் திருப்பிச் சொல்லாமல் கவனமாக இருந்தார். மேல்வீட்டில் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள், சுவருக்குள் கடகடவென்று இறங்கியது. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“இதை விசாரணையில போடுங்கப்பா. புதன்கிழமை நான் வேலையை விட்டுட்டுக் கிளம்பிடுவேன். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க. பாப்பாகிட்டயும் சொல்லாதீங்க, மருந்து மயக்கத்துல வார்டுல உளறிடுவா. என் குழந்தைங்க ரெண்டும் என்னை நம்பித்தான் இருக்குங்க. ஒரு தடவை சொல்லிட்டேன். இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.”

“நீ நல்லா இருப்பேம்மா” என்றார் அவர். அப்படி அவர் யாரையும் வாழ்த்தி மனைவி பார்த்ததில்லை.

சதுரத்தைத் தட்டினார். பதினேழு நிமிடம் என்று காட்டியது. இயர்போனைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். “ஹலோ. கேக்குதா? கேக்குதா?” அவர் குரல் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிந்தது. உதடு அசையத் தொடங்கியபோது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போதும், நிறுத்துங்க. அதை இன்னொரு வாட்டி கேக்க என்னால முடியாது.”

அவரும் நிறுத்திவிட்டார். வாழ்நாளில் அவர் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் ஏணியை விட்டு இறங்கிய ஒரே ஜாயின்ட் அதுதான்.

திங்கட்கிழமை லேப்டாப்பைப் பழைய போர்வையில் சுற்றி, ஸ்பேனரும் குழாய்ப் பிடியும் கிடக்கும் தன் வேலைப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனார். கம்பியில்லாமலே அனுப்பலாம் என்று ரேடியோ சொல்லியிருந்தாள். காற்றில் போகிற சாமானை நடுவில் யார் பிடுங்குவார்களோ என்று இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

வக்கீலம்மா ஓட்டினாள். ஹலோ கேட்டது. கேக்குதா கேட்டது. அப்புறம் அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. வக்கீலம்மா ஒலியைக் கூட்டினாள். “அது அப்படித்தான். நீ சொல்லும்மா” என்று இவர் குரல் அறை அதிரக் கேட்டது. மறுபடி வாய் அசைந்தது. “ம்.” வாய் அசைந்தது. “ம். ம். மெதுவாச் சொல்லு.” வாய் அசைந்துகொண்டே இருந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். நான்கு விரலைக் காட்டினாள். யாரோ கழிவறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் பளிச்சென்று வந்தது.

வக்கீலம்மா நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“ஐயா, இயர்போன் மாட்டியிருந்தீங்களா?”

அவர் லேப்டாப்பை மூடி மறுபடி போர்வையில் சுற்றினார்.

வீட்டுக்கு வந்தவர் பையைக்கூட இறக்காமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ரேடியோ பார்த்துவிட்டுச் சொன்னாள். அந்தப் பழைய லேப்டாப் மைக்கில் விழுவதை மட்டுமே பதியும். அந்தப் பக்கத்துக் குரல் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து மறுபடி மைக்கில் விழுந்தால்தான் உண்டு. இயர்போன் மாட்டினால் அது அவர் காதோடு சரி.

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொல்லத்தான் வந்தேண்ணே.”

அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். வார்த்தைக்கு வார்த்தை சண்டையாவது போட்டிருக்கலாம்.

“உள்ள எங்கயாச்சும் இருக்காதா? நீ நல்லாத் தேடிப் பாரேன். குழாய்ல வர்ற தண்ணி ஒழுகினா எங்கயாவது ஈரம் தெரியும். சொட்டு இல்லாம எப்படிப் போகும்?”

“குரல் பதியவே இல்லண்ணே. பதியாததை நான் எங்கேர்ந்து எடுப்பேன்?”

அவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, அவசரத்துக்கு என்று பாப்பா எப்போதோ கொடுத்திருந்த அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போன் அடித்தார். மணி போயிற்று, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். சாயங்காலம்வரை அடித்துக்கொண்டே இருந்தார். ‘வேலையில இருப்பா, அப்புறம் அடிங்களேன்’ என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மொத்தம் இருபத்து மூன்று தடவை.

வேலை நேரத்தில் எல்லாப் பெண்களின் போனும் வார்டன் மேசைமேல் ஒரு டப்பாவில் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அது அங்கே கிடந்து இருபத்து மூன்று தடவை அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் திரையில் ‘பாப்பா அப்பா’ என்று எழுதிக் காட்டியது.

செவ்வாய்க்கிழமை அந்த எண் அணைந்து கிடந்தது. புதன்கிழமை மத்தியானம் வக்கீலம்மா கூப்பிட்டாள்.

“ஐயா, அந்தப் பொண்ணு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட்டா. தடுப்பை யாரு கழட்டினான்னு நான் பார்க்கல, யார்கிட்டயும் எதுவும் சொல்லலன்னு. கையெழுத்து, கைநாட்டு ரெண்டும் இருக்கு.”

“மிரட்டி வாங்கியிருப்பாங்க.”

“இருக்கும். நிரூபிக்கணுமே. நீங்க அவளுக்குப் போன் எதுவும் பண்ணீங்களா?”

அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று சாயங்காலம் மனைவி பார்த்தபோது அவர் லேப்டாப்பின் எதிரில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் வாய் அசையும்போதெல்லாம் தன் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். “டீக்குப் போயிருந்தப்ப மேஸ்திரி ஸ்பேனரோட வந்தான்… இந்த இடந்தான். பாரு, ‘மேஸ்திரி’ங்கும்போது உதடு ஒட்டுது பாரு.” ஒரு சொல்கூட அவர் மறக்கவில்லை. ஆனால் படத்துக்குப் பேச்சை ஒட்ட வைக்க முடியவில்லை. இவர் ஸ்பேனரில் இருக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். இவர் பெயின்ட் டிரம்முக்கு வருவதற்குள் அவள் படியில் எழுந்து நின்றுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அதுவும் அதே கம்ப்யூட்டரில்தான். இந்தத் தடவை ரேடியோ கூடவே உட்கார்ந்தாள். அவர் தடுக்கவில்லை. சத்தம் வெளியே நன்றாகவே வந்தது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள்: விசாரிக்கிறவர், கம்பெனி அதிகாரி, வக்கீலம்மா. கடைசிக் கட்டத்தில் கட்டிலில் சாய்ந்து பாப்பா. வலது கை தலையணை மாதிரி வெள்ளையாக மடியில் கிடந்தது.

வக்கீலம்மா வீடியோவை ஓட்டினாள். இரண்டு நிமிடம் எல்லாரும் பார்த்தார்கள்.

“இதில் சத்தம் வரவில்லையே?” என்றார் விசாரிக்கிறவர்.

“பதிவில் ஒரு கோளாறு. ஆனால் சாட்சி பேசுவது தெரிகிறது…”

“பேசுவது தெரிகிறது. என்ன பேசுகிறார் என்பது தெரியவில்லை.”

கம்பெனி அதிகாரி தொண்டையைச் செருமினார். “ஒருவேளை உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கலாம். இதில் கேட்கிற ஒரே குரல் பெண்ணின் தகப்பனாருடையது. அவரும் ‘ம்’ தவிர எதுவும் சொல்லவில்லை.”

“நான் சொல்றேன்” என்று குழாய்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். திரையில் அவர் வயிறு மட்டும் தெரிந்தது. ரேடியோ அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் சொன்னார். அவசர ஆர்டரிலிருந்து ஸ்பேனர்வரை வரிசை மாறாமல், தேதி மாறாமல் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி மனைவி கேட்டதில்லை. விசாரிக்கிறவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். கேட்டுவிட்டு, “இதையெல்லாம் நீங்க பார்த்தீங்களா?” என்றார்.

“இல்ல. அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நானும் என் சம்சாரமும் கேட்டோம்.”

“அந்தப் பொண்ணு எதையும் பார்க்கலன்னு எழுதிக் கொடுத்திருக்கே.”

“அது பொய்.”

“அது பொய்னு நீங்க சொல்றீங்க. நீங்க சொல்றது பொய்னு அவங்க சொல்றாங்க. நீங்க பெத்தவர். உங்க எடத்துல நான் இருந்தாலும் இதையேதான் சொல்வேன். அதனால்தான் ஐயா, இதை நான் எடுத்துக்க முடியாது.”

தன்னிடம் யாராவது இப்படிக் கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றிருந்தால் தானும் நம்பியிருக்கமாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினார். பக்கத்தில் மனைவி என்னவோ கத்தினாள். அவர்கள் கட்டத்தின் சத்தத்தை யாரோ அங்கிருந்தே அணைத்துவிட்டார்கள்.

பதினொன்றரைக்குத் தீர்ப்பை வாசித்தார்கள். தடுப்பைக் கழற்றியது தொழிலாளியே. மேல் சிகிச்சைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. சனிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். மேல்முறையீடு செய்யலாம், தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு என்றாள் வக்கீலம்மா. விரலுக்கு அத்தனை அவகாசம் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரேடியோ எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

பாப்பாவின் கட்டம் மட்டும் மறையவில்லை. அவளுக்கு இடது கையால் அணைக்கத் தெரியவில்லையோ, அணைக்க மனம் வரவில்லையோ.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“அக்கா நெஜமாவே அப்படிச் சொன்னாளா?”

“நெஜமா சொன்னா.”

“மேஸ்திரிதான் கழட்டினான்னு?”

“ஆமா. நாலு போல்ட்டு. நீ டீக்குப் போயிருந்தே. திரும்பி வந்து தடுப்பு எங்கேன்னு கேட்டிருக்கே. உனக்கு ஞாபகம் இல்லையா?”

பாப்பா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, உண்மையாகவே முயன்று பார்த்தாள்.

“இல்லப்பா” என்றாள். “அந்த வீடியோல அவ குரல்ல கேட்டுடலாம்னு இருந்தேன். கேட்டுட்டா எனக்குத் தெரிஞ்சுடும்னு நினைச்சேன்.” மடியில் கிடந்த கட்டைப் பார்த்தாள். “நீ எனக்காகச் சொல்லல இல்ல?”

“பாப்பா, நான் என்னைக்காவது உனக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? சொல்லியிருந்தா சொல்லு.”

“இதுவரைக்கும் இல்ல. இப்பதான் என் கை போயிடுச்சே.”

மனைவி குறுக்கே பாய்ந்தாள். “நானும் கேட்டேன்டி! இந்தக் காதால கேட்டேன்! ஸ்பேனரை அந்தப் பாவிதான் உன் பையில…”

“நீயும் அம்மாதானே” என்றாள் பாப்பா. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அவர் திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவசர ஆர்டரைச் சொன்னார். பெயின்ட் டிரம்மைச் சொன்னார். அவள் மூக்கு தன் மூக்கு மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதைக்கூட விடாமல் சொன்னார். பாப்பா இடையில் பேசாமல் கேட்டாள். முடித்ததும் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிப்பா” என்றாள்.

நம்பாதவர்கள் சொல்கிற ‘சரி’ எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அறுபது வருஷமாக அவர் ஊருக்கெல்லாம் சொல்லிவந்த ‘சரி’ அது.